நாற்காலியின் ஏழு நாட்கள்

மனித இதயம் ஒரு மோசமான வடிவமைப்பு. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு அறை, நாலு வால்வு, நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படி ஒரு பம்பை வரைந்துகொண்டு வந்தால் பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நிறுத்திவைத்துப் பழுது பார்க்க வழியில்லை. உதிரிப்பாகம் கிடையாது. கோபம் வந்தால் வேகம் கூடுகிறது. காதல் வந்தாலும் கூடுகிறது. மாடிப்படி வந்தாலும் கூடுகிறது. எதற்காகக் கூடினோம் என்று அதற்கே தெரிவதில்லை. இந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் நன்றாகச் செய்திருப்பேன். செய்தும்விட்டேன்.

நான் செய்தது கட்டைவிரல் அளவு. உள்ளே மூன்று இறக்கைகளோடு ஒரு சின்னச் சுழலி. காந்தங்கள் அதை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். எதையும் தொடாமல் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுற்றும். களைத்துப்போன இதயத்தில் பொருத்திவிட்டால், அதனால் முடியாத வேலையை இது பார்த்துக்கொள்ளும். சுழலிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு தலைமுடி நுழையும் இடைவெளி. சண்டையெல்லாம் அந்த இடைவெளியில்தான். ரத்தத்தின் சிவப்பணு பூஞ்சை உடம்புக்காரன், நெருக்கினால் கிழிந்துவிடுவான். தாராளமாக இடம் விட்டாலோ ஒரு மூலையில் சோம்பேறியாக உட்கார்ந்து உறைந்துவிடுவான். கிழியவும் விடாமல் உட்காரவும் விடாமல் அவனை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிட்டத்தட்ட பேருந்து நடத்துநரின் வேலை.

சோதனை எளிது. ரத்தத்தை ஆறு மணி நேரம் பம்பில் சுற்றவிட்டு, ஒரு குழாயில் எடுத்துத் தெளியவைப்போம். மேலே நிற்கும் நீர் சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். முப்பத்தொரு சுழலிகள் வரைந்தேன். முப்பது சிவந்தன. முப்பத்தொன்றாவதில் நீர் வைக்கோல் நிறத்தில் நின்றது. அந்தக் குழாயை நான் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பது வதந்தி. இரண்டு நாள்தான்.

இனி, நோயாளி தோளில் சுமக்கும் பையைப் பற்றி.

பம்ப் நெஞ்சுக்குள் இருந்தாலும் மின்சாரம் வெளியிலிருந்துதான் போக வேண்டும். வயிற்றில் ஒரு துளை வழியாக ஒரு கேபிள் வெளியே வந்து தோள்பைக்குள் போகும். பையில் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரண்டு பேட்டரியும். மொத்தம் இரண்டு கிலோ. நோயாளி அதைத் தூங்கும்போதும் பிரியக் கூடாது. ஆகவே எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். பம்பில் கைவைத்தவர்களில் ஆறு பேர், அதே எடையுள்ள போலிப் பையை, கேபிளின் நுனியை வயிற்றில் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு, ஏழு நாள் சுமக்க வேண்டும். சுமந்து, நீல நோட்டில் நாள்வாரியாக எழுத வேண்டும். அந்த ஆறு நாட்குறிப்புகளை வைத்துத்தான் கேபிள் எவ்வளவு நீளம், வார் எவ்வளவு அகலம் என்று முடிவாகும்.

வழக்கத்தைக் கொண்டுவந்தவள் மைக்ரான் அக்கா. சுழலிகளை நுண்ணோக்கியின் கீழ் மெருகேற்றிப் பொருத்துபவள். கண்ணால் பார்த்தே "நாலு மைக்ரான் தூக்கலா இருக்கு" என்பாள். அளந்தால் நாலு இருக்கும். அவள் பையோடு உணவுக்கூடத்துக்குள் நுழைந்த அன்று நான் மரியாதையாக எழுந்து என் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தேன்.

"உக்காருங்கக்கா. எத்தனையாவது மாசம்?"

கூடமே சிரித்தது. அக்கா நிதானமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு வரும்டா தம்பி. அப்ப நான் எந்திரிச்சு இடம் குடுக்கறேன்."

எனக்கும் வந்தது. நான் பையை என் நாற்காலியின் முதுகில் மாட்டினேன். கேபிளின் நுனியை இருக்கையின் நடுவில் ஒட்டினேன். ஏழு நாள் அது அங்கேயே தொங்கியது. சுழலியின் இறக்கைக் கோணத்தைக் கால் டிகிரி திருத்தத் தெரிந்தவன் வயிற்றில் கயிறு கட்டிக்கொண்டு அலைவானா? எட்டாம் நாள் காலை, தேநீர் ஆறுவதற்குள் நாட்குறிப்பு தயார். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அத்தனையும் நாற்காலியைப் பொறுத்தவரை உண்மை.

முதல் நாள்: சுமை தெரியவேயில்லை.

இரண்டாம் நாள்: நாள் முழுக்க நிமிர்ந்த முதுகோடு இருந்தேன். வலி இல்லை.

மூன்றாம் நாள்: இடதுபக்கம் திரும்பினேன், வலதுபக்கம் திரும்பினேன். இழுப்பு இல்லை.

நாலாம் நாள்: கேபிள் தேவைக்கு மேல் நீளம். தரையில் புரள்கிறது. முப்பது சென்டிமீட்டர் குறைக்கலாம்.

ஐந்தாம் நாள்: ஒருவர் வந்து என்மேல் உட்கார்ந்தார். அப்போதும் தொல்லை இல்லை.

ஆறாம் நாள்: விடுமுறை. யாரும் என்னைத் தேடவில்லை.

ஏழாம் நாள்: அதே.

ஐந்தாம் நாளில் மாட்டிக்கொள்வேன் என்று ஆவலோடு காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தின் தலைவரான பெரியசார் அந்த வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டு, "குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் ஏற்றது. நல்ல கவனிப்பு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு மனிதன் மெனக்கெட்டு ஒரு நகைச்சுவை செய்தால் அதைப் பாராட்டி ஆவணப்படுத்திவிடுகிற கூட்டத்தோடு எப்படிக் காலம் தள்ளுவது?

நீளத்தை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் மூன்று நாட்குறிப்புகள் கேபிளின் தொண்ணூறு சென்டிமீட்டர் சரி என்றன. இரண்டு, அது கதவுக் கைப்பிடிகளில் மாட்டுகிறது, குறைக்கலாம் என்றன. என்னுடையது மூன்றாவது. மூன்றுக்கு மூன்று.

"சுழலியை வரைஞ்சவனே சொல்றான், குறைக்கலாம்னு. அப்புறம் என்ன?" என்றார் பெரியசார்.

கேபிள் அறுபது ஆனது. நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அறுபது என்ன, தொண்ணூறு என்ன, கேபிள் என்பது கேபிள். என் கவலை இறக்கைக் கோணம்.

ஏழு மாதம் கழித்து எங்கள் பம்ப் முதல் ஆளின் நெஞ்சுக்குள் போனது. அவர் ஒரு விளையாட்டு வாத்தியார். ஆறடி இரண்டங்குலம். கால்பந்தாட்டத்தில் நடுவராக விசில் ஊதிக்கொண்டு ஓடியவர், கடைசியில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக இரண்டு முறை உட்கார வேண்டிய நிலைக்கு வந்திருந்தார். பம்ப் வைத்த மூன்றாம் வாரம் மருத்துவமனை வராந்தாவை எட்டு முறை சுற்றினார். வீட்டுக்குப் போகும் அன்று என்னிடம் மணிக்கட்டை நீட்டினார்.

"பிடிச்சுப் பாருங்க தம்பி. நாடி கிடைக்காது. புதுசா வந்த நர்ஸ் பொண்ணு நேத்து அலறிட்டு ஓடிடுச்சு."

"இது சுத்துற பம்ப் சார். துடிக்காது. ரத்தம் ஒரே சீரா ஓடும்."

"அப்ப நான் உயிரோட இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பையில விளக்கு பச்சையா எரியும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை. விளக்கு பச்சையாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

வீட்டுக்குப் போன நாலாவது வாரம் அவரை மறுபடி கொண்டுவந்தார்கள்.

எங்களை அழைத்தவர் அறுவை டாக்டர். அந்தப் பட்டத்துக்கு அவரும் நானும் போட்டி. அவர் கத்தியால் செய்வதை நான் வாயால் செய்வேன் என்பார்கள். அன்று தொலைபேசியில் அவர் குரலில் அந்த வேடிக்கை எதுவும் இல்லை.

"கேபிள் வெளிய வர்ற துளை கிழிஞ்சிருக்கு. உள்ள முன்னாடியே சீழ் வெச்சிருக்கு. காய்ச்சல். கேபிளைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏறிச்சுன்னா பம்ப் வரைக்கும் போயிடும். போச்சுன்னா உங்க முப்பத்தொண்ணாம் நம்பர் எவ்வளவு நல்லா சுத்தினாலும் ஆளைக் காப்பாத்த முடியாது."

நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பேருந்தில் நின்றபடியே யார் யார்மேல் கோபப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்தினேன். முதலில் வாத்தியார்: நிலைகுலையாத ஒரு பம்பை உள்ளே வைத்துக்கொண்டு கேபிளை இழுத்திருக்கிறார். அடுத்து அவர் மனைவி: பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு டாக்டர், பெரியசார், பேருந்து. மருத்துவமனையை அடைந்ததும் பம்பின் பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். வீட்டுக்குப் போன நாலு வாரத்தில் ஒரு தடுமாற்றம் கிடையாது. ஓட்டம் சீர். வெப்பம் சீர். ரத்தப் பரிசோதனையில் நீர் வைக்கோல் நிறம். என்மேல் ஒரு குறையும் இல்லை என்பதற்கு இருபத்தெட்டு நாளின் ஆதாரம் கையில் இருந்தது.

பரிசோதனை அறையில் பெரியசார், அக்கா, டாக்டர் எல்லோரும் நின்றார்கள். கட்டிலில் வாத்தியார், சுவர்ப்பக்கம் முகம் வைத்து, வாய் உலர்ந்து கிடந்தார். பையை அவர் மனைவி கையில் வைத்திருந்தார். கட்டிலில் இடமிருந்தும் வைக்கவில்லை. டாக்டர் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அதில் 'காரணம்' என்ற கட்டத்தில் பெரியசார் சொல்லச் சொல்ல 'பயனர் கவனக்குறைவு' என்று ஏறியது.

"பயனர்னா யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அது பொதுவா எழுதறதும்மா," என்றார் பெரியசார்.

"இல்ல, யாருன்னு சொல்லுங்க. அவரா, நானா?"

"யாரையும் குத்தம் சொல்லல. கேபிள்ல கோளாறு இல்லன்னு சொல்றோம், அவ்வளவுதான். சும்மா சொல்லலம்மா. ஆறு பேர் போட்டுப் பாத்துட்டுத்தான் இந்த நீளத்தை முடிவு பண்ணினோம். இதோ நிக்கறாரே, பம்பை வரைஞ்ச தம்பி, இவரே ஏழு நாள் மாட்டியிருக்காரு. இருங்க, படிச்சே காட்டறேன்."

கைப்பையிலிருந்து நீல நோட்டை எடுத்தார். எனக்குக் காது சுட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் அறிக்கை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சுமை தெரியவேயில்லை. நிமிர்ந்த முதுகோடு இருந்தேன். இடதுபக்கம் திரும்பினேன், வலதுபக்கம் திரும்பினேன். இழுப்பு இல்லை.

"இடதுபக்கமா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா, இங்கேயே எழுதியிருக்கு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பையை எங்க வெச்சீங்க?"

"பக்கத்துல," என்றேன்.

"எந்தப் பக்கத்துல? கல்யாணமான நாள்லேர்ந்து இவர் இடதுபக்கமாத்தான் படுப்பாரு. பையைத் தலைமாட்டுல வெச்சா கேபிள் எட்டல. இடுப்புக்கிட்ட வெச்சா அது மேலயே புரண்டு படுக்கறாரு. கட்டிலுக்கு வெளிய நாற்காலி போட்டு அதுல வெச்சா ஒரு சாண் குறையுது. அதனால நான் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன். அவர் புரண்டா பையோட நானும் அந்தப் பக்கம் போய் உக்காருவேன். இருபத்தேழு நாள். இருபத்தெட்டாவது நாள் அசந்துட்டேன். கண்ணை முழிச்சா பை கீழ கிடக்கு, சட்டையெல்லாம் ரத்தம்." படிவத்தைக் காட்டினார். "அந்தக் கவனக்குறைவு நான்தான். எழுதிக்கோங்க. ஆனா இந்தத் தம்பி ஏழு நாள் இதை மாட்டிக்கிட்டு நல்லாத் தூங்கியிருக்காரே. எப்படின்னு காட்டச் சொல்லுங்க. நான் கத்துக்கறேன்."

குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே கற்றுக்கொள்ளக் கேட்டார். இருபத்தெட்டு நாளாகத் தனக்கு மட்டும் தெரியாமல்போன ஏதோ ஒரு வித்தை எனக்குத் தெரியும் என்று நம்பினார்.

"காட்டுப்பா," என்றார் பெரியசார், பெருமையாக.

மைக்ரான் அக்கா எங்கே போனாலும் போலிப் பையோடுதான் போவாள். அதை எடுத்து, அறுபது சென்டிமீட்டர் கேபிளை மாட்டி, பக்கத்துக் கட்டிலில் வைத்தாள். நான் படுத்தேன். டாக்டர் என் சட்டையைத் தூக்கி, பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினார். என் தொப்புளை ஒரே நேரத்தில் இத்தனை பேர் பார்த்தது நான் பிறந்த அன்றுதான் இருக்கும். பையைத் தலைமாட்டில் வைத்தேன். கேபிள் விறைத்தது. கீழே இறக்கி இடுப்பருகே வைத்தேன். இடதுபக்கம் திரும்பினேன். கைப்பிடி விலாவில் குத்தியது; பையைத் தள்ளினேன்; அது மெத்தையின் ஓரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கீழே போனது. பிளாஸ்திரி 'சர்'ரென்று வயிற்று முடியோடு பிய்ந்தது. எனக்கு வெறும் பிளாஸ்திரி. அவருக்கு அது சதை.

கட்டிலில் கிடந்த வாத்தியார் முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். இரண்டு விரலைச் சேர்த்து மெல்லத் தூக்கிக் காட்டினார். நடுவரின் மஞ்சள் அட்டை.

"அப்ப அந்த நோட்டுல இருக்கறது யார் எழுதினது?" என்று கேட்டார் அவர் மனைவி.

"நாற்காலி," என்றேன்.

பெரியசார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் என் நகைச்சுவைக்குச் சிரித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு, சிரிப்பைப் பாதியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருமினார். அக்கா அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி ஐந்தாம் நாள் வரியில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

அந்த அம்மா கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தப் பதிவுகள் இருந்தன, வரைபடங்கள் இருந்தன. அவர் படிவத்தை டாக்டர் கையிலிருந்து எடுத்து, 'பயனர் கவனக்குறைவு' என்பதன்மேல் பேனாவால் அடித்தார். காகிதம் கிழியும்வரை அடித்தார். பிறகு என்னிடம் பேனாவை நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 'கேபிள் நீளம் பொய்யான குறிப்பின்பேரில் குறைக்கப்பட்டது.' கீழே கையெழுத்து. அத்தனை நேர்த்தியான வாக்கியம் நான் எழுதியதே இல்லை, படிக்கவே பிடிக்கவில்லை.

வராந்தாவில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாள் என்றால் கையால் அல்ல, நடந்து வந்து எதிரே நின்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "'என்மேல ஒருத்தர் உக்காந்தார்'னு எழுதியிருக்கேன்கா! ஆறு பேர் படிச்சீங்க. ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா? அவ்வளவு பெரிய கூட்டத்துல ஒருத்தருக்கு மூளை வேணாமா?"

"உங்க அக்கா குழந்தைன்னு நினைச்சேன்."

"எனக்கு அக்காவே கிடையாது!"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீ என்னிக்காவது ஒரு பேச்சு ஒழுங்கா பேசியிருக்கியா?" அவள் குரல் உயர்ந்தது. வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "முப்பத்தொண்ணாம் நம்பரை மூணு வாரம் மெருகேத்தினேன். கீறல் விழுந்துடுமோன்னு மூச்சைக்கூட அடக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ டீ ஆறுறதுக்குள்ள கீறிட்ட. போ. எம் முன்னாடி நிக்காத."

எனக்கு யார்மேல் கோபம் என்று அந்தக் கணத்தில் கேட்டிருந்தால் ஒரு நீளமான பட்டியல் கொடுத்திருப்பேன். அதில் ஒரு பெயரை விட்டிருப்பேன்.

பழைய தொண்ணூறு சென்டிமீட்டர் கேபிள்கள் ஆய்வகக் கிடங்கில் இருந்தன. கேபிளின் வெளிப்பாதி கழற்றி மாட்டக்கூடியது. அதை மாற்றிவிட்டால் துளைமேல் இழுப்பு இருக்காது, புண் ஆற வழி கிடைக்கும். டாக்டர் ஒன்றை வரவழைத்து உடனே மாற்றச் சொன்னார். சிக்கல் ஒன்றுதான். கழற்றி மாட்டும்வரை பம்ப் நிற்கும்.

"எவ்வளவு நேரம்?" என்றார் டாக்டர்.

"பத்து, பதினஞ்சு நொடி," என்றாள் அக்கா.

"இவரோட இதயம் தாங்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனித இதயத்தைப் பற்றி என் கருத்து எல்லோருக்கும் தெரியும்.

"தெரியல," என்றேன். 

அக்கா பழைய இணைப்பில் ஒரு கையும் புதியதில் ஒரு கையும் வைத்துக்கொண்டாள். டாக்டர் ஊசிமருந்தோடு நின்றார். எனக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, மணிக்கட்டைப் பிடித்து எண்ணச் சொன்னார்கள். வாத்தியாரின் கை சூடாக இருந்தது. நாடி இருக்கும் இடத்தில் விரல் வைத்தேன். ஒன்றும் இல்லை. எப்போதும்போல, என் பம்பின் ஓசையற்ற சீரான ஓட்டம்.

"கழட்டறேன்," என்றாள் அக்கா.

பையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அலாரம் கூவியது. என் பத்தாயிரம் சுற்றும் நின்றன. என் விரலடியில் வெறுமை. ஒன்று, இரண்டு, மூன்று. வாத்தியாரின் உதடு வெளுத்தது. அப்புறம் ஏதோ ஒன்று விரலைத் தட்டியது. மிகவும் லேசாக, கதவைத் திறக்கலாமா என்று கேட்பதுபோல. மறுபடி தட்டியது. வால்வுகள் ஒழுகும், சுவர் தொய்ந்த, எந்தப் பேராசிரியரும் ஏற்றுக்கொள்ளாத அந்தப் பழைய பம்ப், உதிரிப்பாகம் இல்லாமல், யாரும் கேட்காமலே எழுந்து தனியாக வேலை செய்தது. பதினோரு நொடி. எட்டுத் துடிப்பு எண்ணினேன். எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது; இவ்வளவு முடிகிற கழுதை இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

"மாட்டிட்டேன்."

அலாரம் நின்றது. விரலடியில் தட்டல் மெலிந்து, சீரான ஓட்டத்தில் கரைந்துபோனது. விளக்கு பச்சையானது. அவர் மனைவி குனிந்து பார்த்தார். பிறகு பையை, முதல்முறையாக, கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது மணி ஐந்து. இன்னும் மூன்று பேர் பம்புக்காகக் காத்திருந்தார்கள். தொண்ணூறு சென்டிமீட்டரோடு வைக்க வேண்டுமென்றால் விதிப்படி ஆறு உண்மையான நாட்குறிப்பு வேண்டும். ஐந்து இருந்தது. அக்கா நீல நோட்டில் என் பக்கத்தைக் குறுக்கே அடித்து, தேதி போட்டாள்.

"ஒரு வாரம் தள்ளிப்போகும்," என்றாள் பெரியசாரிடம், என்னைப் பார்க்காமல். "நானே மறுபடி மாட்டிக்கறேன். வேற யாரை நம்பறது?"

அவள் கை கழுவப் போனாள். போலிப் பை, தொண்ணூறு சென்டிமீட்டர் கேபிளோடு, கொக்கியில் தொங்கியது. அறையில் என்னையும் என் நாற்காலியையும் தவிர யாருமில்லை. 

அவள் திரும்பி வந்து பார்த்தபோது கொக்கி காலியாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நான் அப்போது வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிய கேபிளை விடுவித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள். "என்னடா வயித்துல?"

"வேலைம்மா."

"எல்லாருக்கும் வேலை மேஜைமேல இருக்கும். உனக்கு மட்டும் வயித்துலயா?"

நோட்டில் எழுதினேன். 

முதல் நாள்: கதவுக் கைப்பிடியில் மூன்று முறை மாட்டியது. தோள்வார் கழுத்தில் அறுக்கிறது. குளிக்கும்போது பையை மாட்ட இடமில்லை; குழாயில் மாட்டினேன்; நனைந்தது.

இரண்டாம் நாள்: இடதுபக்கம் படுத்தேன். தலைமாட்டில் வைத்த பைக்குக் கேபிள் எட்டியது. இழுப்பு இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை; விழுந்துவிடுமோ என்று கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. 

மூன்றாம் நாள்: பேருந்தில் ஒருவர் பைமேல் உட்காரப் பார்த்தார். சத்தம் போட்டேன். வாத்தியாருக்குக் காய்ச்சல் இறங்கியதாக டாக்டர் சொன்னார். புண்ணை இன்னும் நம்பவில்லை என்றும் சொன்னார்.

நாலாம் நாள் மதியம் உணவுக்கூடம் நிரம்பியிருந்தது. தட்டை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பின்மேஜையிலிருந்து எவனோ ஒருவன், நான் வளர்த்துவிட்ட தறுதலை, உரக்கக் கேட்டான்.

"எத்தனையாவது மாசம் மச்சான்?"

கூடமே சிரித்தது. ஓரத்து மேஜையில் மைக்ரான் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பேசவும் இல்லை, அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பாதி உண்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாகப் போய் நின்று சாப்பிடத் தொடங்கினாள்.

கேபிள் எதிலும் மாட்டாமல் பார்த்து நடந்து, அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.